இல்லாத ஏழாவது பாகம்

டொக்கு சார் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு காரைச் சுற்றி வந்து, ஒன்பதே நிமிடத்தில் ஏழு போலிப் பாகங்களைக் கையும் களவுமாகப் பிடித்தார். அந்த ஏழில் ஒன்று காரிலேயே இல்லை.

இதைக் கேட்டுச் சிரிக்காதவர் அந்தத் தெருவில் கிடையாது. கடைசி வீட்டு நாய்கூடக் கொட்டாவி விட்டதாகப் பேச்சு. டொக்கு சாரின் பூர்வோத்தரம் அப்படி. முப்பத்தோரு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். இடிபட்ட வண்டி பட்டறையிலிருந்து வெளியே வரும்போது, கம்பெனிப் பாகம் போட்டதாக எழுதிய இடத்தில் கம்பெனிப் பாகம்தான் இருக்கிறதா, இல்லை ஏதோ ஒரு சந்துக்குள் தகரத்தைத் தட்டிச் சாயம் பூசியதா என்று பார்த்துச் சொல்வது உத்தியோகம். விரலை மடக்கி, முட்டியால் 'டொக்' என்று ஒரு தட்டு. அதிலிருந்துதான் பெயர். அந்தச் சத்தத்தைக் கேட்டே பாகத்தை அச்சடித்த இயந்திரத்தின் வயதையும், அதை ஓட்டியவனுக்கு அன்றைக்கு ஜலதோஷமா என்பதையும் சொல்லிவிடுவாராம். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே போலி பம்பர்கள் பயந்துபோய்த் தாமாகக் கழன்று விழுமாம். சொன்னது வேறு யாருமில்லை, அவரேதான்.

ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகியும் விரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. ஃபிரிட்ஜைத் தட்டுவார். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் திறந்ததும், "ஒண்ணுமில்லை, மரமான்னு பார்த்தேன்" என்று திரும்பி வருவார். ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலியைத் தட்டிவிட்டு, "இது கம்பெனி நாற்காலி இல்லையே டாக்டர்" என்றதில், அவர் பல்லைப் பிடுங்கிய டாக்டருக்கு அன்றைக்குக் கை கொஞ்சம் கூடுதலாக அழுந்திவிட்டது.

இத்தனை கதைகளையும் முப்பத்தெட்டு வருடமாகக் கேட்டு வந்த அவருடைய மனைவி, இதற்கென்று ஒரு கணக்கே வைத்திருந்தாள். அவர் சொல்வதைப் பத்தால் வகுப்பாள். வந்ததில் பாதியைத் தள்ளுவாள். மிச்சத்தையும் நம்ப மாட்டாள். உலகத்தில் அவள் வகுக்காமல் கழிக்காமல் அப்படியே ஏற்றுக்கொண்டது ஒரே ஒருவன் பேச்சை. அவளுடைய தம்பி. அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். இப்போது அவன் பட்டறை வைத்திருக்கிறான். இடிபட்ட கார்களை இடிபடாத மாதிரி ஆக்கித் தருகிற பட்டறை.

மகளுடைய கார் ஒரு லாரியின் பின்பக்கத்தில் முட்டியபோது, வேறு பட்டறைக்குப் போகிற பேச்சே எழவில்லை. முன்பக்கம் அப்பளமாய் நொறுங்கியிருந்தது. ஸ்டியரிங்கிலிருந்து ஏர்பேக் வெடித்து முகத்தைத் தாங்கியதால், மகள் உதட்டில் ஒரு கீறலோடு தப்பினாள். மூன்று வயதுப் பேத்தி பின்னால் இருந்ததால் அழுகையோடு தப்பினாள்.

ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில், தம்பிக்காரன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். பார்த்தால் ஷோரூமிலிருந்து தப்பித்து வந்த வண்டி மாதிரி ஒரு மினுமினுப்பு. மகளுக்கு வேறு ஊரில் புது வேலை. அன்று பகல் இரண்டு மணிக்குக் குழந்தையோடு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிப் போக வேண்டும். மாடியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சாவி. எல்லாம் ஒரிஜினல். அக்கா மகளுக்கு வேற போடுவேனா? டப்பாவெல்லாம்கூட டிக்கியில இருக்கு."

டொக்கு சார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். அவர் எழுந்த வேகத்தைப் பார்த்ததுமே மனைவிக்குப் புரிந்துவிட்டது.

"இந்தாங்க, ஆரம்பிக்காதீங்க. அவன் நம்ம வீட்டுப் பிள்ளை."

"பிள்ளையை யாரு தட்டப்போறா? வண்டியைத்தான்."

தம்பி சிரித்தான். "தட்டட்டும்க்கா. மாமா கண்ணைக் கட்டிக்கிட்டே கண்டுபிடிப்பாராமே. கல்யாண வீட்ல மைக்கைப் பிடிச்சுச் சொன்னாரே."

"சொன்னேன். இப்பவும் சொல்றேன்."

"அப்ப கட்டுக்கா. நமக்கும் பொழுது போகணுமில்ல?"

மனைவி உள்ளே போய்த் துண்டு எடுத்து வந்தாள். எரிச்சலில் இரண்டு சுற்று சுற்றி, முடிச்சை இறுக்கினாள். அவர் காதோரத்து நரைமுடி நாலு, துண்டோடு சேர்ந்து முடிச்சுக்குள் போனது. "இப்பத் தெரியுதா?" என்றாள். "நீ இருக்கிற பக்கம் மட்டும் வெளிச்சமா இருக்கு" என்றார். அவள் சிரிக்கவில்லை.

பானட்டில் ஒரு தட்டு. டொக் என்று வர வேண்டியது, டப் என்று வந்தது. "ஒண்ணு" என்றார். வலது பக்கச் சக்கரத்துக்கு மேலிருக்கும் ஃபெண்டர் தகட்டுக்கும் கதவுக்கும் நடுவிலிருக்கும் இடுக்கில் நகத்தை விட்டு மேலிருந்து கீழே இழுத்தார். மேலே நகம் மட்டும் நுழைந்த இடுக்கு, கீழே வரும்போது விரலையே விழுங்கியது. "ரெண்டு." பம்பரின் ஓரத்தைக் கிள்ளினார், அது கிள்ளிய இடத்தில் மடங்கியே நின்றது. குனிந்து முகர்ந்தார். "மூணு. இது பம்பர் இல்லை மாப்ளே, குளிக்கிற வாளி." பம்பருக்கு உள்ளே கையை விட்டு, மோதலைத் தாங்க வேண்டிய இரும்புச் சட்டத்தை வருடினார். வெட்டி ஒட்டிய பற்றவைப்பு, ஆறாத தழும்பு மாதிரி கைக்குத் தட்டுப்பட்டது. "நாலு." முன் கண்ணாடியின் மூலையில் கம்பெனி முத்திரை பொறித்திருக்க வேண்டிய இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். வழுவழுவென்று இருந்தது. "அஞ்சு."

இதில் எதையும் தம்பி மறுக்கவில்லை. சிரிப்பை மட்டும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். மனைவிதான், "கண்ணை மூடிக்கிட்டு எதை வேணும்னாலும் சொல்லலாம்" என்றாள்.

டொக்கு சார் வலது ஹெட்லைட்டின் பின்பக்கம் கையை விட்டார். அங்கே எழும்பி நிற்க வேண்டிய எழுத்துகளைத் தேடி விரல் ஊர்ந்தது. "ஆறு" என்றார்.

"இது மட்டும் இல்லை மாமா!" தம்பிக்கு இப்போது உற்சாகம் வந்துவிட்டது. "ஹெட்லைட்டுக்கு டப்பா இருக்கு. அக்கா, டிக்கியைத் திற. நீயே பாரு."

மனைவி டிக்கியைத் திறந்து டப்பாவை வெளியே எடுத்தாள். கம்பெனிப் பெயர் அச்சிட்ட நல்ல அட்டைப்பெட்டி. அதன் பக்கவாட்டில் கறுப்பு மையில் ஒரு கையெழுத்து. அவளுக்கு அந்தக் கையெழுத்து தன் வளையலைவிடப் பழக்கம். முகம் மலர்ந்துவிட்டது.

"ஐயோ, இதுல நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க! நீங்களே ஒரிஜினல்னு எழுதிக் கொடுத்துட்டு, இப்ப நீங்களே போலின்னு சொல்றீங்களா? நல்லா இருக்கே உங்க நாக்கு!"

டொக்கு சார் நிமிர்ந்தார். துண்டு கட்டிய முகத்தைச் சத்தம் வந்த பக்கம் திருப்பினார்.

"கையெழுத்துக்குக் கீழே தேதி போட்டிருப்பேன். படி."

அவள் படித்தாள். நாள், மாதம், வருடம். வருடத்தைப் படிக்கும்போதே குரல் இறங்கியது. ஆறு வருடத்துக்கு முந்தைய வருடம்.

"நம்ம பொண்ணு இந்த வண்டி வாங்கி எத்தனை வருஷம்?"

"மூணு."

டப்பாவில் சர்வேயர் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு முறை உண்டு. பாகத்தை வண்டியில் பொருத்திய பிறகு, அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, வந்த டப்பாவின் மேல் தேதியோடு கையெழுத்து. அதே டப்பாவை நாளைக்கு இன்னொரு வண்டிக்குக் காட்டக்கூடாது என்பதற்காக. ஆனால் தம்பியின் பட்டறையில் அந்தக் கையெழுத்துக்கு நேர்மாறான மரியாதை. கையெழுத்து இருக்கிற டப்பாவைப் பார்த்தால் வாடிக்கையாளர் கேள்வி கேட்பதில்லை என்று, அவற்றைத்தான் பத்திரமாகப் பரணில் வைத்திருந்தார்கள். யார் காருக்கு எந்த டப்பா என்று பார்க்கிற வழக்கமே அங்கே விட்டுப்போய்விட்டது. சர்வேயரின் சொந்த மகளுடைய காருக்கே சர்வேயரின் பழைய கையெழுத்தைக் கொடுத்தனுப்புகிற அளவுக்கு.

தம்பியின் சிரிப்பு இப்போதுதான் கழன்று விழுந்தது. "பசங்க மாத்தி வெச்சிருப்பாங்கக்கா" என்றான்.

டொக்கு சார் தடவித் தடவி ஓட்டுநர் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தார். ஸ்டியரிங்கின் நடுவில் தட்டினார். இன்னொரு முறை தட்டினார். அவருடைய வாழ்க்கையில் ஒரு பாகத்தை இரண்டு முறை தட்டியது அதுதான் முதல் தடவை.

"இங்க வா" என்றார் மனைவியிடம். "சாவியைப் போட்டுப் பாதி திருப்பு. ஸ்டார்ட் பண்ணாதே. எதிர்ல விளக்கெல்லாம் எரியும். ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி, முன்னால ஒரு பெரிய பந்து இருக்கிற மாதிரி ஒரு படம் தெரியுதா?"

"தெரியுது. சிவப்பா எரியுது."

"பத்து எண்ணு. அது தானா அணையணும்."

அவள் எண்ணினாள். அவளுக்கே தெரியாமல் இருபது வரை எண்ணிவிட்டாள். "அணையலை."

"பக்கத்துல எண்ணெய்க் குப்பி மாதிரி ஒண்ணு எரியுதா? இப்ப ஸ்டார்ட் பண்ணு. பார்த்துச் சொல்லு."

என்ஜின் உறுமியது. "ரெண்டும் ஒண்ணா அணைஞ்சுடுச்சு."

"ஏர்பேக் விளக்கு வயரை எண்ணெய் விளக்கோட சேர்த்துக் கட்டியிருக்காங்க. உள்ள ஒண்ணும் இல்லைன்னு அந்த விளக்கு காட்டிக் கொடுத்துடக் கூடாதில்ல?" டொக்கு சார் என்ஜினை அணைத்துவிட்டுத் துண்டை அவிழ்த்தார். "ஏழு. இது போலிகூட இல்லை."

"மாமா, பிரிக்காதீங்க, வாரண்டி போயிடும்" என்றான் தம்பி.

"எதுக்கு வாரண்டி? இல்லாததுக்கா?"

பேட்டரி வயரைக் கழற்றினார். முறைப்படி பத்து நிமிடம் காத்திருந்தார். இல்லாத ஏர்பேக்குக்கும் அந்த மரியாதையைக் கொடுத்தார். பிறகு ஸ்டியரிங்கின் பின்னாலிருந்த ஓட்டையில் திருப்புளியை விட்டு நெம்ப, மூடி கையோடு வந்தது. உள்ளே ஒரு பழைய பனியன். மூன்றாக மடித்து, மூடி ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தார்கள். கிரீஸ் வாசனை அடித்தது.

"அக்கா, அது வர மூணு மாசம் ஆகும்னுட்டான். வந்ததும் நானே கூப்பிட்டு மாட்டிவிட மாட்டேனா? புள்ளைக்கு அவசரம்னு நீதானே சொன்னே?"

அவள் பனியனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியோடு கீழே இறங்கி வந்திருந்த மகள்தான் முதலில் அசைந்தாள். பின்கதவைத் திறந்து, குழந்தை உட்காரும் சீட்டின் பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, சீட்டை வெளியே எடுத்துப் படியில் வைத்தாள். தாய்மாமனை ஒருமுறை பார்த்தாள். பிறகு பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ பிடிக்கப் போனாள்.

டொக்கு சார் அன்றே கம்பெனிக்குப் புகார் எழுதினார். அது போய்ச் சேர்வதற்கு முன்பே தம்பி தன் வேலையை முடித்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் செய்தி எல்லா வீட்டுக்கும் போய்விட்டது: மாமா தானே ஏர்பேக்கைப் பிடுங்கிவிட்டுப் பனியனைத் திணித்துவிட்டார், சும்மா இருக்கிற மனுஷன், பேர் வாங்குவதற்கு என்ன வேண்டுமானாலும் செய்வார்.

உலகம் அதை ஒரே விழுங்கில் விழுங்கிவிட்டது. விழுங்காமல் என்ன செய்யும்? இருபது வருடமாக அந்தத் தெருவுக்கு அவர் பரிமாறியதெல்லாம் அதே ருசியில்தானே? "கண்ணைக் கட்டிக்கிட்டா சார்? ஒன்பது நிமிஷமா? பத்துகூட இல்லையா?" என்று பால் பூத்தில் கேட்டார்கள். "அந்தப் பனியன் கம்பெனி பனியனா சார்?" என்று சலூனில் கேட்டார்கள். அவரும் முதல் இரண்டு நாள் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். எவ்வளவு விளக்கினாரோ அவ்வளவு சிரித்தார்கள். நெஞ்சறிந்த உண்மையைச் சொல்லும்போது தன் குரல் இவ்வளவு பொய்யாக ஒலிக்கும் என்று அவருக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு அம்மாளின் குரல் கேட்டது. "நீங்களும் கூட இருந்தீங்களாமே?"

மனைவியின் குரல் சொன்னது: "நான் எங்க பார்த்தேன்? உள்ள வேலையா இருந்தேன்."

அவள் உள்ளே வந்தபோது அவர் மேஜையருகே உட்கார்ந்திருந்தார்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

"அவன் என் தம்பி."

"அவ உன் பொண்ணு."

"அவதான் பஸ்ல போயிட்டாளே."

 அன்றைக்கு அவர் எதையுமே தட்டவில்லை. ஃபிரிட்ஜ் தன்பாட்டில் முனகிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை முற்பகலில் புது சர்வேயர் வந்தாள். சின்னப் பெண், தோளில் பை, கையில் கோப்பு. விசாரணை என்றதால் தம்பியும் வந்திருந்தான். சலவை மடிப்புக் கலையாத சட்டை. நால்வரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"சார், உங்க கதையெல்லாம் ஆபீஸ்ல இன்னும் சொல்றாங்க" என்றாள் அந்தப் பெண். அவர் முகத்தில் வழக்கமாக எரியும் விளக்கு எரியவில்லை. "பிரச்சினை என்னன்னா, அந்தப் பனியன் நீங்க வெச்சதுன்னு இவர் சொல்றார். இவர் வெச்சதுன்னு நீங்க சொல்றீங்க. குடும்பச் சண்டைன்னு மேல எழுதி மூடிடுவாங்க. ஏர்பேக் மாத்தினதா இவங்க பட்டறை எழுதின வண்டி ரெண்டு வருஷத்துல இருபத்துமூணு. அதையெல்லாம் கூப்பிட்டுப் பிரிச்சுப் பார்க்கணும்னா, கூட நின்னு பார்த்த ஒருத்தர் எழுதிக் கொடுக்கணும்."

"யாரு எழுதிக் கொடுப்பா?" என்றான் தம்பி. குரலில் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது. "எங்க அக்காவைவிட மாமாவைத் தெரிஞ்சவங்க உண்டா? கேளுங்க மேடம். முப்பத்தெட்டு வருஷத்துல அவர் சொன்னதுல ஒண்ணாவது நடந்திருக்கான்னு கேளுங்க."

சர்வேயர் பெண் அவள் பக்கம் திரும்பினாள். "அம்மா, சார் எழுதினதைப் படிக்கிறேன். கண்ணைக் கட்டியிருந்தது, விளக்கு அணையாதது, பனியன், எல்லாம் இருக்கு. அப்புறம், 'நான் முன்பு கையெழுத்திட்டிருந்த டப்பாவைப் பட்டறை மறுபடி பயன்படுத்தியிருக்கிறது'ன்னு எழுதியிருக்கார். இது நடந்ததாம்மா?"

மனைவி மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்தாள், நீவினாள், மறுபடி மடித்தாள்.

"அந்த இருபத்துமூணு வண்டியும் இப்ப ஓடிட்டிருக்கா?"

"ஓடிட்டுதான்மா இருக்கும்."

"புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு?"

"இருக்கலாம்மா."

"அக்கா" என்றான் தம்பி.

அவள் அவனைப் பார்க்காமலே பேசினாள். "இவர் எழுதினது சரியில்லம்மா."

தம்பி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். டொக்கு சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"மறுபடி இல்ல. அந்த டப்பா முதல் தடவையே அப்படித்தான். ஆறு வருஷம் முன்னால இவன் ஒரு சாக்கு நிறைய காலி டப்பா கொண்டாந்து இந்த மேஜையில கொட்டினான். பட்டறைக்கு வந்து வண்டியைப் பார்க்காம போடமாட்டேன்னார் இவர். தம்பி வீடு தேடி வந்திருக்கான், ஒரு கையெழுத்துக்கு என்ன இவ்வளவு பிகுன்னு நான்தான் சண்டை போட்டேன். மூணு நாள் பேசாம இருந்தேன். நாலாம் நாள் உட்கார்ந்து போட்டார். ஒரு பாகத்தைக்கூடப் பார்க்கலை. நான் ஒவ்வொரு டப்பாவா எடுத்துக் கொடுக்க, இவர் போட்டுக்கிட்டே இருந்தார். வாழ்நாள் பூரா எதையும் கூட்டிச் சொன்ன மனுஷன், இது ஒண்ணைத்தான் குறைச்சு எழுதியிருக்கார். என்னைக் காப்பாத்தறாரோ, தன்னைக் காப்பாத்திக்கிறாரோ, தெரியலை."

 சர்வேயர் பெண்ணின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. டொக்கு சாரின் வலதுகை மேஜைமேல் கிடந்தது, மடங்கவில்லை.

"சனிக்கிழமை நடந்ததுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்மா" என்றாள் அந்தப் பெண் மெதுவாக.

தம்பி எழுந்து நின்றான். "அக்கா, யோசிச்சுப் பேசு. உன்னைத் தவிர எனக்கு யாரு இருக்கா?"

அவள் இப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். இடுப்பிலிருந்து இறக்கிவிட்ட பிள்ளையைப் பார்க்கிற மாதிரி, நெடுநேரம். பிறகு சர்வேயர் பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

"எழுதிக்கோம்மா. துண்டை முடிஞ்சது நான். விளக்கை எண்ணினது நான். பனியனைப் பார்த்தது நான். நடந்துச்சு."